விண்வெளித் தொடர்கள்: தரம் என்பது வெறும் ரசனைதானா?

வால்நட்சத்திரம் (கேள்வி):
அறிவியல் புனைவுத் தொடர்களைப் பற்றி எங்கே பேச ஆரம்பித்தாலும் கொஞ்ச நேரத்தில் யாராவது "அது அவரவர் ரசனை" என்று சொல்லிவிடுகிறார்கள், அதோடு பேச்சே நின்றுபோகிறது. என் அண்ணனோடும் இதேதான் நடக்கிறது. 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' (2004–2009) முடிந்த விதம் அவனுக்கு ரொம்பப் பிடிக்கும், எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. 'தி எக்ஸ்பான்ஸ்' எனக்கு உயிர், அவனால் முதல் சீசனையே தாண்ட முடியவில்லை. சரி, பிடிப்பதும் பிடிக்காததும் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் "இது நல்ல தொடர்" என்று சொன்னால் "எனக்குப் பிடித்தது" என்பதைத் தாண்டி அதற்கு ஒரு பொருளும் கிடையாதா?

செவ்வாய்வாசி:
நிச்சயம் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' இரண்டாம் சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 பிப்ரவரியில் 'தி மெஷர் ஆஃப் எ மேன்' வந்தது: டேட்டா என்ற ரோபோ ஒரு உயிரா, இல்லை அவன் வேலை செய்யும் விண்வெளிப் படையான ஸ்டார்ஃப்ளீட்டின் சொத்தா என்று ஒரு விசாரணை, கூட வேலை செய்யும் ரைக்கரே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் முன்பு வக்கீலாக இருந்தவர், அது வாதத்தில் தெரியும். சண்டையோ வெடிப்போ இல்லை, பெரும்பாலும் நாலு சுவருக்குள் பேச்சுதான், ஆனால் கண்ணை எடுக்க முடியாது. அதே சீசன் ஜூலையில் 'ஷேட்ஸ் ஆஃப் கிரே'யோடு முடிந்தது. செலவை மிச்சம் பிடிக்க, ரைக்கரைப் படுக்கையில் போட்டு, பழைய எபிசோடுகளின் துண்டுகளை அவன் நினைவுகளாக ஒட்டி எடுத்தது. அதே நடிகர்கள், அதே கப்பல், அதே வருடம். இரண்டும் சமம், வித்தியாசம் பார்க்கிறவர் ரசனையில்தான் இருக்கிறது என்று யாராவது மனசாரச் சொல்வார்களா?

ஆனந்தி_கோவை:
செவ்வாய்வாசி, நீங்கள் எடுத்தது இரண்டு எதிரெதிர் முனைகள். அங்கே யாருக்கும் சந்தேகம் வராது. நடுவில் இருப்பவைதான் பிரச்சினை. எக்ஸ்பான்ஸில் கப்பலை மாடிக் கட்டிடம் மாதிரி, எஞ்சின் அடியிலும் தளங்கள் மேலே மேலேயுமாக அமைத்திருப்பார்கள், எஞ்சின் எரியும்போதுதான் கால் தரையில் நிற்கும். அந்த இயற்பியல் ஒழுங்குக்காகவே பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'டாக்டர் ஹூ'வில் அதையெல்லாம் தேடவே முடியாது, ஆனால் 2007இல் வந்த 'பிளிங்க்' எபிசோடு, அசையாமல் நிற்கும் கல் சிலைகளை வைத்தே மனிதரை நடுங்க வைத்தது, அடுத்த வருடம் அறிவியல் புனைவுக்கான ஹியூகோ விருதும் வாங்கியது. ஒன்றை அளக்கிற கோலால் இன்னொன்றை அளந்தால் ஏதோ ஒன்று அநியாயமாகத் தோற்கும். எந்தக் கோலை எடுப்பது என்பதில் ரசனை வந்துவிடுகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பழைய_ஆன்டெனா:
(முடிவுகளைச் சொல்லப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிவிடுங்கள்.)
ஆனந்தி சொல்வது சரி, வெளியிலிருந்து ஒரே கோலைக் கொண்டுவர முடியாது. ஆனால் தொடரே நம்மிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறது, அதை வைத்து அளக்கலாம். 'பாபிலோன் 5'ஐ இன்று பார்த்தால் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் பழசாகத் தெரியும், முதல் சீசனில் சில இடங்களில் நடிப்பும் தடுமாறும். ஆனால் 1994இல் முதல் சீசனின் தொடக்க எபிசோடிலேயே லண்டோ என்ற தூதர் தன் சாவைக் கனவில் கண்டதாகச் சொல்கிறான், அவனும் பகை இனத்துத் தூதரான ஜிகாரும் ஒருவர் கழுத்தை ஒருவர் நெரித்தபடி சாவார்களாம். மூன்றாம் சீசனில் அந்தக் காட்சி வரும்போது, அதற்குள் அந்த இருவரையும் நாம் அறிந்துகொண்டதால், அது பகையாகவே தெரியாது. அதைப் பார்த்து நான் அழுதேன். நீங்கள் அழாமல் போகலாம், அது ரசனை. ஆனால் போட்ட முடிச்சை அவிழ்த்தார்கள் என்பது திரையில் இருக்கிறது, யாரும் போய்ப் பார்க்கலாம்.

கலாக்டிகாவுக்கு வருகிறேன். மனிதர்களை அழிக்க வரும் இயந்திர இனமான சைலான்களிடம் ஒரு திட்டம் இருக்கிறது என்று தொடக்க எழுத்துகளில் வாராவாரம் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அப்படிச் சொல்லும்படியான திட்டம் எதுவும் கடைசிவரை வரவில்லை. அது குறைதான், சப்பைக்கட்டு கட்ட வேண்டாம். அதே சமயம் "கடைசியில் கடவுளைக் கொண்டுவந்து தப்பித்துவிட்டார்கள்" என்பது நியாயமில்லை, சைலான் பெண்ணான நம்பர் சிக்ஸ் ஆரம்பத்திலிருந்தே விஞ்ஞானி பால்டரிடம் கடவுளைப் பற்றித்தான் பேசுகிறாள். உங்கள் அண்ணன் இதைப் பிடித்துக்கொண்டு பேசினால் அவர் பக்கமும் ஆதாரம் இருக்கிறது. இரண்டில் எது கனம் என்பதில் வேண்டுமானால் ரசனை நுழையட்டும், அதற்கு முன்னால் பேச எவ்வளவோ இருக்கிறதே.

வால்நட்சத்திரம்:
நம்பர் சிக்ஸ் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் விமானி ஸ்டார்பக்? நான்காம் சீசனில் தன் பிணத்தையே கண்டெடுக்கிறாள், "அப்படியானால் நான் யார்" என்று அதற்கப்புறம் முழுக்க அலைகிறாள், கடைசியில் பதில் இல்லாமல் புல்வெளியில் காற்றோடு மறைந்துவிடுகிறாள். வேண்டுமென்றே விட்டதாகவே இருக்கட்டும், கேள்வியை அவள் வாயாலேயே அத்தனை தடவை கேட்க வைத்துவிட்டு அப்படி விடலாமா?

பழைய_ஆன்டெனா:
என்னைக் கேட்டால் விடக்கூடாது. அண்ணனிடம் இந்த ஒன்றை மட்டும் கேட்டு, அவர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.