மறு: விசைப்பலகையில் ‘ஷோர்ட்கட்’டுக்கு என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

பயிற்சித்தாள் வெள்ளி காலை அச்சுக்குப் போகிறது, ‘ஷோர்ட்கட்’டுக்கான தமிழ்ச்சொல் இன்னும் முடிவாகவில்லை. கிளிநொச்சியில் என் வகுப்பில் ஒரு பிள்ளை போட்டோஷொப்பில் கல்யாண அல்பப் படத்தில் முகத்து நிழலைத் திருத்திக்கொண்டிருந்தாள். தூரிகைக்கு ஒருக்கால் மவுஸோடு கருவிப்பட்டைக்கு மேலே போவாள், அழிப்பானுக்குத் திரும்பவும் மேலே போவாள், இடக்கை மடியில் சும்மா கிடந்தது. அந்தக் கையை விசைப்பலகையில் வைத்து, ஆங்கில எழுத்து பி என்றால் தூரிகை, ஈ என்றால் அழிப்பான், கொன்ட்ரோலோடு இசட் அழுத்தினால் செய்தது மீளும் என்று காட்டினேன். தூரிகையைச் சின்னதாக்கும் சதுர அடைப்புக்குறிக்கு மட்டும் கை எட்டவேண்டும். “இதுக்கு என்ன பேர் ரீச்சர்?” என்றாள்.

‘குறுக்குவழி’ பல மென்பொருள்களில் ஏற்கனவே இருக்கிறது, மாற்றாதீர்கள் என்கிறார் அண்ணா. எனக்கு மனம் வரவில்லை. ‘குறுக்கால போவான்’ என்று திட்டுகிற ஊரில் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஐயாவின் ‘விசைக்குறுக்கம்’ அழகான சொல். ‘விசையால் ஆகிய குறுக்கம்’ என்று மூன்றாம் வேற்றுமையில் விரிக்கிறார். ஆனால் இலக்கணத்தில் வருகிற ஐகாரக்குறுக்கத்தில் ஐகார ஒலிதானே குறுகுகிறது, மகரக்குறுக்கத்தில் மகரம்தானே? அந்த வரிசையில் வைத்தால் இங்கே விசை குறுகவேண்டும். குறுகுவது கை போகிற தூரம்.

‘சுருக்குவிசை’ என்றால் வன்னியில் முதலில் நினைவுக்கு வருவது முயலுக்கு வைக்கிற சுருக்கு.

அதனால்தான் ‘சுறுக்குவிசை’ என்கிறேன், வல்லின றகரத்தோடு. ‘சுறுக்கா வா’ என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்கிறோமே, அந்தச் சுறுக்கு. சுறுசுறுப்புக்கும் உறவு. இந்த விசைகளைப் பழகுவதே வேகத்துக்குத்தான், சொல்லிலும் அது இருக்கவேண்டும். எழுத்துப்பிழை என்றுதான் வாசிப்பார்கள் என்று ஐயா நேற்றிரவும் எழுதியிருக்கிறார். வாசித்துப் பார்க்கட்டும், வகுப்பில் ஒருவரும் விளக்கம் கேட்கவில்லை.

பி, ஈ-க்குப் பதிலாகத் தமிழ் எழுத்துகளை வைக்கலாமே என்ற தம்பிக்கு: போட்டோஷொப்பில் நகர்த்தும் கருவிக்கு வி. எந்தச் சொல்லின் முதலெழுத்து அது? விரல் இடத்தைத்தான் பழகுகிறது.

தாளில் ‘சுறுக்குவிசை’ என்றே போடுகிறேன், முதற்பக்கத்தில் மட்டும் பக்கத்தில் ‘குறுக்குவழி’ இருக்கும். ஐயாவின் மறுப்பு மறுப்பாகவே நிற்கட்டும். இன்னொன்று, தூரிகை கையில் இருக்கும்போது ஓல்ட்டை அழுத்திப் பிடித்தால் நிறம் எடுக்கலாம், விட்டால் தூரிகை திரும்பிவிடும். அப்படிப் பிடித்திருக்கிற விசைக்குத் தனிச்சொல் வேண்டும், வியாழன் இரவுக்குள் யாராவது எழுதுங்கோ.