நாடி தப்பித் துடித்தது, நினைவும் தப்பியது: அப்பாவின் அனுபவம்

குலசேகரம்:
அப்பா நாற்பது ஆண்டுகள் ரப்பர் பால் வெட்டியவர். நெற்றிவிளக்கு இல்லாமலே எந்த மரம் எந்த நிரையில் என்று சொல்லிவிடுவார். சென்ற ஆண்டு ஒரு விடியலில், சிரட்டையில் பால் வடிந்துகொண்டிருந்த மரத்திலேயே மறுபடியும் கத்தியை வைத்தார். ரப்பர் ஷீட் விற்ற பணத்தை எங்கே வைத்தோம் என்று இரண்டு நாள் தேடினார். 72 வயது, மறதிதானே என்று நாங்களும் இருந்துவிட்டோம். முதலில் பார்த்த மருத்துவரும் அதையே சொல்லிச் சத்து மாத்திரை எழுதித் தந்தார். வீணாய்ப்போன அந்த எட்டு மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கு வரும் அக்காதான் கண்டுபிடித்தார். கருவி மூன்று முறை பிழை காட்டியதும் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். மழை விட்டபின் ஓலையிலிருந்து சொட்டுவதுபோல இரண்டு துடிப்பு ஒட்டி வந்தது, பிறகு ஓர் இடைவெளி, பிறகு சடசடவென்று நான்கு. இசிஜி எடுத்ததில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. இடது மேலறையோடு ஒட்டிய சிறு பையில் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தத் துணுக்கு மூளைக்குப் போகிறது. பெரியதென்றால் பக்கவாதம். சிறியவை, கை கால் விழாமலே மூளையில் தழும்பை விட்டு, நினைவையும் குறைத்துவிடுமாம். அப்பாவின் எம்ஆர்ஐயில் அப்படி மூன்று இருந்தன. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. போன நினைவு திரும்பவில்லை. அதற்குமேல் மோசமாகவும் இல்லை.

குளச்சல்:
அண்ணா, என் அம்மாவுக்கும் இதேதான். இதய வால்வு சுருக்கமும் இருப்பதால், ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை கொடுக்கிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2-க்கும் 3-க்கும் இடையில் நிற்க வேண்டும். முருங்கைக்கீரை கூடினால் மாத்திரையின் வேலை குறையுமாம்; அதனால் நிறுத்தவில்லை, வாரந்தோறும் ஒரே அளவு. எங்களை வாட்டியது வேறு. மறதி வந்தவருக்கு மாத்திரையும் மறந்துபோகும். சாப்பிட்டதை மறந்து இரண்டாவது முறையும் போட்டிருக்கிறார். ஈறில் ரத்தம் கசிந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. கிழமைக்கு ஓர் அறை வைத்த மாத்திரைப் பெட்டி வாங்குங்கள். அதை நீங்களே வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுங்கள்.

நாகர்கோவில்:
நான் ஓய்வுபெற்ற செவிலியர். ஸ்வீடனில் 2018-இல் வெளியான ஆய்வில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ள நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவேடுகளைப் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுத்தவர்களிடம் மறதிநோய், எடுக்காதவர்களைவிட 29 விழுக்காடு குறைவு. பதிவேட்டை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் மாத்திரைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. பக்கவாதத்தைத் தடுக்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாளும் நிறுத்திவிடாதீர்கள்.

குலசேகரம்:
நன்றி அக்கா. தங்கச்சி, நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதறிவிட்டேன். நேற்றுக் காலை அப்பா மாத்திரை சாப்பிட்டாரா என்று கேட்டால் எனக்கே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. நாளை மார்த்தாண்டம் போகிறேன், அந்தப் பெட்டியை வாங்கிவிடுகிறேன்.