வேடந்தாங்கலில் கூடு கட்டுபவை, வந்து போகிறவை

கார்த்திகையில் ஏரி நிரம்பிவிட்டால் வேடந்தாங்கல் கரையில் அடிக்கடி காதில் விழுவது, “இதெல்லாம் வெளிநாட்டுப் பறவை” என்ற பேச்சு. ஆனால் மரத்தில் கூடு கட்டியிருக்கும் நத்தைக்குத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், பாம்புத்தாரா எல்லாம் நம் நாட்டிலேயே குஞ்சு பொரிப்பவை. வடக்கிலிருந்து வலசை வரும் வாத்துகள்தான் இங்கே கூடு கட்டாதவை. இரைக்காகத் தங்கி, பங்குனி வாக்கில் கிளம்பிவிடும்.

கூடுகளுக்குத் தண்ணீர்தான் காவல். மரத்தடியில் தண்ணீர் நிற்கும்வரை நாயும் நரியும் கிட்டே வராது. மழை பொய்த்த ஆண்டில் அந்தக் காவலும் போய், மீனும் குறைந்து, கூடுகளே குறைந்துவிடும்.

தை, மாசியில் உச்சி வெயிலில் மஞ்சள்மூக்கு நாரைக் கூட்டைப் பாருங்கள். தாயோ தகப்பனோ வெயிலுக்கு முதுகு காட்டி இறக்கையைக் குடைபோல விரித்து நிற்கும். இன்னொன்று அலகில் தண்ணீர் கொண்டுவந்து குஞ்சுகளின் மேல் ஊற்றும். பார்க்கப் பார்க்கச் சலிக்காத காட்சி அது.

ஒரு குழப்பம்: நத்தைக்குத்தியின் அலகு நடுவே தெரியும் இடைவெளி இளம் பறவைக்கு இருக்காது. அதை வேறு நாரை என்று குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டாம்.

* * *

வாத்துகளைப் பார்க்க அருகிலுள்ள கரிக்கிலி பறவைகள் சரணாலயத்துக்கும் போய் வாருங்கள். வேடந்தாங்கல், கரிக்கிலி இரண்டுமே 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தவை. வலசை வரும் வாத்துகளில் ஒன்றான நீலச்சிறகியில், ஆணின் வெள்ளைப் புருவக்கோட்டைக் கார்த்திகையில் தேடினால் ஏமாற்றமே. அப்போது ஆணுக்கும் பெட்டையைப் போன்ற மங்கிய இறகுதான். கண் வழியாக ஓடும் கரும்பட்டையையும் அலகு முகத்தோடு சேரும் இடத்தில் உள்ள வெளிர் புள்ளியையும் வைத்து இனத்தை உறுதி செய்யுங்கள். புருவம் பளிச்சென்று தெரிய மாசி ஆகும்.

* * *

படம் எடுப்பவர்களுக்கு: மாலை நான்கு மணிக்கு மேல் பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகத்தை 1/2000 நொடி வையுங்கள். கரும்பச்சை மரத்தின் முன்னால் வெள்ளைப் பறவை என்றால் கேமரா இருட்டை அளந்து இறகை வெளிற வைத்துவிடும்; எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் ஒளியளவை) முக்கால் முதல் ஒரு ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). அதே பறவை வெளிறிய வானத்துக்கு ஏறியதும் கறுத்துப்போகும், அங்கே ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். கைதட்டிக் கூட்டத்தைக் கிளப்பிப் படம் எடுக்காதீர்கள். பெரியவை எழுந்த கணத்தில் காகம் முட்டையைத் தூக்கிவிடும்.