வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்த கொள்ளுத்தாத்தா: பலகை வைக்கலாமா, கூடாதா?

பழம்பெட்டி:
எங்கள் கொள்ளுத்தாத்தா முதல் உலகப்போரில் மெசபடோமியா (இன்றைய இராக்) போய்த் திரும்பியவர். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படைப்பிரிவில் சாதாரண சிப்பாய், நாயக் என்ற சின்னப் பதவிக்குக்கூட உயரவில்லை. மெடல் ஒன்று வீட்டில் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் கூடும்போது அவர் பெயரும் படமும் போட்டு ஒரு பலகை வைக்கலாம் என்றேன். "வெள்ளைக்காரனுக்காகத் துப்பாக்கி தூக்கியவருக்குப் பலகையா?" என்று சித்தப்பா மகன் கேட்டான். அதிலிருந்து குடும்ப வாட்ஸ்அப் குழுவே இரண்டாகிக் கிடக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

செங்கதிர்:
உங்கள் சித்தப்பா மகன் கேட்டதில் என்ன தப்பு? 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாகில் கூட்டத்தைச் சுட உத்தரவு போட்டவன் வெள்ளை அதிகாரி டயர். ஆனால் 1650 ரவுண்டு சுட்டவர்கள் கூர்க்காக்களும் மற்ற இந்தியச் சிப்பாய்களும்தான். அவர்களும் உங்கள் தாத்தாவைப் போலச் சாதாரண சிப்பாய்கள். மேலே இருப்பவன் சொன்னான், கீழே இருப்பவன் செய்தான் என்று விட்டுவிட முடியுமா? 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் இருந்தவர்களும் கம்பெனிச் சம்பளம் வாங்கியவர்கள்தான். நெற்றியில் குறி கூடாது, தாடியை எடு, புதுத் தலைப்பாகை வை என்றதும் எதிர்த்து நின்றார்கள். பலகை வைப்பதென்றால் அவர்களுக்கு வைக்கலாம்.

மணிக்கூண்டு:
தோழர், நீங்களே வேலூரை இழுத்ததால் சொல்கிறேன். அதே ஊர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. 1914-18 போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் விட்டார்கள் என்கிறது. அவ்வளவுதான், வெறும் கணக்கு. மெசபடோமியாவில் செத்தவர்களுக்காக இராக்கில் இருக்கும் பாஸ்ரா நினைவுச்சின்னத்தில் இன்னும் மோசம். இந்திய அதிகாரிகளுக்குப் பெயர் உண்டு, கீழ்நிலைச் சிப்பாய் என்றால் ரெஜிமெண்டுக்கு இத்தனை பேர் என்று எண்ணிக்கை மட்டும். போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 2021இல் அறிக்கை வெளியிட்டு மன்னிப்புக் கேட்டது. செத்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், உயிரோடு ஊர் திரும்பிய சிப்பாயை யார் நினைக்கப் போகிறார்கள், வீட்டுக்காரர்களைத் தவிர?

செங்கதிர்:
பெயர் போடாதது சாம்ராஜ்யத்தின் அயோக்கியத்தனம், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் போன வேலை நல்ல வேலை ஆகிவிடுமா? மெசபடோமியாவில் இவர்கள் யாருக்காகச் சண்டை போட்டார்கள்? பிரிட்டனுக்கு எண்ணெய் வேண்டும், இந்தியாவுக்குப் போகும் வழி பத்திரமாக இருக்க வேண்டும். அதற்கு நம் ஆட்கள் பலி.

நீலவானம்:
ஐயா, காலாட்படைச் சிப்பாய்க்கு அப்போது மாதம் 11 ரூபாய். கூலியாக நெல்லை அளந்து வாங்கிய வீட்டுக்கு மாதாமாதம் காசு வருவது என்றால் என்னவென்று யோசியுங்கள். சாப்பர்ஸில் பறையர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாதவன் அங்கே பூட்ஸ் போட்டு நடந்தான். அம்பேத்கரின் அப்பா பட்டாளத்தில் சுபேதார் (இந்திய அதிகாரி), அம்பேத்கர் பிறந்ததே மஹு ராணுவக் குடியிருப்பில். 1892இல் அம்பேத்கரின் சாதியான மகர்களுக்குப் பட்டாளத்தின் கதவைச் சாத்தியபோது எவ்வளவு பெரிய அடி என்பது அவர்களுக்குத்தான் தெரியும். "சேர்ந்திருக்கக் கூடாது" என்று இன்றைக்கு உட்கார்ந்து சொல்வது சுலபம்.

செங்கதிர்:
தோழர், நீங்கள் சொல்வது என் பக்க வாதம்தான்! போர்க்குணம் இல்லாதவன் என்று மெட்ராஸ்காரனை ஒதுக்கினான். ஆள் பற்றாக்குறை வந்ததும் வா என்று கூப்பிட்டான். பசியை வைத்து ஆள் பிடித்தான். சரி, அப்படியானால் பலகையில் பசி என்று எழுதுங்கள், வீரம் என்று எழுதாதீர்கள்.

மணிக்கூண்டு:
1918இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஊர் ஊராக நடந்து, பிரிட்டிஷ் பட்டாளத்தில் சேருங்கள் என்று ஆள் திரட்டியவர் காந்தி. அவருக்கு ஊருக்கு ஊர் சிலை இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத சிப்பாயிடம் மட்டும் ஏகாதிபத்திய எதிர்ப்பு எங்கே என்று கேட்கிறோம்.

செங்கதிர்:
காந்தி சிலைக்கு நான் மாலை போட்டதை யார் பார்த்தது?

ஓய்வுபெற்றவன்:
நானும் பட்டாளத்தில் இருந்து வந்தவன். இரண்டு பக்கமும் சிப்பாய் என்றால் சுடுகிறவன் என்றே பேசுகிறீர்கள். சாப்பர் வேலை என்ன தெரியுமா? பாலம் போடுவது, பாதை வெட்டுவது, தண்ணீருக்கு வழி செய்வது, கண்ணிவெடி எடுப்பது. அடுத்த போரில் அதே மெட்ராஸ் சாப்பர்ஸைச் சேர்ந்த சுபேதார் சுப்ரமணியன், 1944 பிப்ரவரியில் இத்தாலியில் வெடிக்க இருந்த கண்ணியின் மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றிச் செத்தார். வீரத்துக்கான பிரிட்டிஷ் விருதான ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அந்த நொடியில் அவர் மனதில் பேரரசர் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற பையன்தான் இருந்திருப்பான்.

பழம்பெட்டி தம்பி, மெடலின் விளிம்பைப் பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட போர் மெடல் என்றால் சுற்றி எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். சண்டைப் படையில் இருந்தவருக்கு வெள்ளி. சுமை தூக்கப் போன தொழிலாளர் படைக்கு அதே மெடலை வெண்கலத்தில் கொடுத்தார்கள். அதிலும் தரம் பிரித்தவன் வெள்ளைக்காரன்.

பழம்பெட்டி:
வெள்ளிதான் ஐயா. கறுத்துக் கிடக்கிறது. எண் தெரிகிறது, பெயரைத் தப்பும் தவறுமாக அடித்திருக்கிறார்கள். பலகையில் எண், பெயர், படைப்பிரிவு, மெசபடோமியா, இவ்வளவு மட்டும் போடுகிறேன். 'வீர' என்று எதுவும் வேண்டாம். தம்பிக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். பார்த்துவிட்டான், பதில் இல்லை.

செங்கதிர்:
யாருடைய பட்டாளம் என்பதையும் போடுங்கள். அதை விட்டுவிட்டால் என் ஆட்சேபம் அப்படியே இருக்கிறது.

நீலவானம்:
11 ரூபாயையும் போடுங்கள்.

ஓய்வுபெற்றவன்:
எதைப் போட்டாலும் சரி, படம் எடுப்பதற்காகப் புளி போட்டு மட்டும் தேய்த்துவிடாதீர்கள். விளிம்பில் இருக்கும் எழுத்துதான் முதலில் தேயும்.