கடைசி ரூம்ல வைஃபை சிக்னல் ஃபுல்லா காட்டுது, ஆனா நெட் நகரவே மாட்டேங்குது

கடைசிரூம்வாசி:

வணக்கம் மக்களே. தலைப்புலயே மேட்டர சொல்லிட்டேன். ரவுட்டர் முன் ஹால்ல டிவி ஸ்டாண்டுக்குள்ள இருக்கு, நான் வேலை பாக்குறது கடைசி ரூம்ல, நடுவுல ரெண்டு கான்கிரீட் சுவர், ஒரு பாத்ரூம், அது போக என் ரூம் சுவர ஒட்டி ஒரு இரும்பு பீரோ. ஹால்ல உக்காந்து ஸ்பீட் டெஸ்ட் போட்டா 90க்கு மேல வருது, பிளான் 100 எம்பிபிஎஸ். கடைசி ரூம்ல 3, 4, சில நேரம் டெஸ்டே ஓடாது. மீட்டிங்ல மத்தவங்க பேசுறது எனக்கு ஓரளவு கேக்குது, நான் பேசுறது தான் அவங்களுக்கு ரோபோ மாதிரி போகுதாம், தினமும் யாராச்சும் ஒருத்தர் "உங்க வாய்ஸ் கட் ஆகுது"ன்னு சொல்லிடுறாங்க, மானம் போகுது.

போன வாரம் வைஃபைய வாங்கி மறுபடி பரப்புற ஒரு எக்ஸ்டெண்டர் வாங்கி என் மேஜைக்குப் பக்கத்து பிளக்லயே சொருகுனேன். இப்ப போன்லயும் லேப்டாப்லயும் சிக்னல் ஃபுல்லா நிக்குது, ஸ்பீடு மட்டும் அதே 4, 5. எப்படிங்க இது? மெஷ் (சேர்ந்து ஒரே வைஃபையா ஓடுற டப்பா செட்டு) வாங்கணுமா, பெரிய ஆன்டெனா வச்ச ரவுட்டரா, இல்ல பிளான 300க்கு ஏத்திடவா?

வயரேதுணை:

பாஸ், பிளான மட்டும் ஏத்திடாதீங்க. ஹால்ல 90 வருதுன்னா வாசல் வரைக்கும் நெட் ஒழுங்கா வந்து நிக்குதுன்னு அர்த்தம், கோளாறு வீட்டுக்குள்ள. 300 ஆக்குனாலும் கடைசி ரூமுக்கு அதே 4 தான்.

எக்ஸ்டெண்டர் விஷயம் என்னன்னா, நீங்க பாக்குற ஃபுல் சிக்னல் உங்க போனுக்கும் அந்த எக்ஸ்டெண்டருக்கும் நடுவுல இருக்குறது. ரெண்டும் ஒரு அடி தூரத்துல இருக்கு, ஃபுல்லா காட்டாம என்ன பண்ணும். எக்ஸ்டெண்டருக்கும் ரவுட்டருக்கும் நடுவுல எப்படி இருக்குன்னு போன் சொல்லாது. அது செத்துக் கிடக்கு. சட்டியில இருந்தா தான அகப்பையில வரும்? அத ரவுட்டருக்கும் உங்க ரூமுக்கும் பாதி வழியில, சிக்னல் இன்னும் நல்லா இருக்குற இடத்துல சொருகணும். அப்பவும் ஒரே ரேடியோ உள்ள எக்ஸ்டெண்டரா இருந்தா அதே சேனல்ல (வைஃபை ஓடுற அலைவரிசைத் துண்டு) ஒருதடவ வாங்கி மறுபடி ஒருதடவ அனுப்பணும், அதனால வேகம் பாதிக்குப் பாதி அடிபடும், அத மனசுல வச்சுக்கங்க.

சிக்னல் கோட்ட நம்பாதீங்க, போன்ல ஏதாவது ஒரு வைஃபை அனலைசர் ஆப் போட்டு சிக்னல் பலத்தச் சொல்ற டிபிஎம் நம்பர பாருங்க. மைனஸ்ல இருக்கும், பூஜ்யத்துக்கு கிட்ட வர வர நல்லது. மைனஸ் 50 பிரமாதம், மைனஸ் 67 வரைக்கும் வீடியோ கால் தாங்கும், மைனஸ் 80 தாண்டுனா இழுத்துக்கிட்டு கிடக்கும். 10 குறைஞ்சா பவர் பத்துல ஒரு பங்குன்னு அர்த்தம், அதனால 70க்கும் 80க்கும் சின்ன வித்தியாசம் தானன்னு நெனைக்காதீங்க. ஹால், நடு வழி, கடைசி ரூம் மூணுலயும் எக்ஸ்டெண்டர ஆஃப் பண்ணிட்டு பாத்து சொல்லுங்க.

மெஷ்பைத்தியம்:

இவர் கடைசியில வயர் இழுங்கன்னு தான் முடிப்பாரு பாருங்க, பேரே அப்படி 😄. நானும் இதே கூத்துல ஆறு மாசம் அல்லாடிட்டு மெஷ்ஷுக்கு மாறிட்டேன், மூணு டப்பா, ஒரே பேரு, எந்த ரூமுக்கு போனாலும் நெட் கூடவே வருது, அப்பா அம்மா யாருக்கும் எந்த வைஃபைல கனெக்ட் பண்ணணும்னு சொல்லித் தர வேண்டியதில்ல, அந்த நிம்மதிக்கே காசு குடுக்கலாம். ஒண்ணே ஒண்ணு, எந்த டப்பாவ பிடிக்கணும்னு முடிவெடுக்குறது போனு தான், டப்பா இல்ல. என் பழைய லேப்டாப் தூரத்து டப்பாவ உடும்பு மாதிரி பிடிச்சுக்கிட்டு விடவே விடாது, வைஃபைய ஒருதடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணா தான் பக்கத்துக்கு வரும்.

கடைசிரூம்வாசி:

நன்றி ரெண்டு பேருக்கும். பாத்துட்டேன். ஹால் மைனஸ் 41, பாத்ரூம் வாசல் கிட்ட 63, என் மேஜையில 84. இது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில. 5 ஜிகாஹெர்ட்ஸ் என் ரூம்ல லிஸ்ட்லயே வரல. அதாவது அந்த எக்ஸ்டெண்டர் 84லருந்து தான் இழுத்துக்கிட்டு இருந்திருக்கு, பாவம்.

இன்னொண்ணு, ரவுட்டர் பின்னாடி ஒரு ஹார்ட் டிஸ்க் சொருகி வச்சிருக்கேன், படம் பாக்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குமா?

வயரேதுணை:

இருக்கு! யூஎஸ்பி 3 டிஸ்கா? அந்த கேபிளும் கனெக்டரும் 2.4 பக்கத்துல இரைச்சல் கிளப்பும், இன்டெல்லே 2012ல இதப் பத்தி ஒரு பேப்பர் போட்டுச்சு. கழட்டிட்டு பாருங்க. டிபிஎம் மாறாது, ஆனா இரைச்சல் குறைஞ்சா ஸ்பீடு மாறலாம். டிஸ்க் வேணும்னா நீள கேபிள் போட்டு ரவுட்டர விட்டு தள்ளி வைங்க.

அடுத்து அந்த டிவி ஸ்டாண்ட். டிவிக்குள்ள பெருசா உலோகத் தகடு இருக்கும், அதுக்குப் பின்னாடி ரவுட்டர ஒளிச்சு வச்சா அது எங்க போயி பேசும். வெளிய எடுத்து ஆள் உயரத்துக்கு மேல வைங்க. ஆன்டெனாவ உங்க ரூம் பக்கமா துப்பாக்கி மாதிரி நீட்டி வச்சிருந்தா நிமித்திடுங்க, சிக்னல் குச்சி முனையிலருந்து டார்ச் மாதிரி வராது, குச்சியச் சுத்தி பக்கவாட்டுல தான் பரவும், முனை காட்டுற பக்கம் தான் ரொம்ப கம்மி. மாடியில பாக்குறவங்க வேணா ஒண்ண படுக்க வைக்கலாம். 2.4க்கு அலைநீளமே பன்னண்டரை சென்டிமீட்டர் தான், அதனால ஒரு சாண் நகத்துனாலே நம்பர் மாறும், ஒரே இடத்துல வச்சுட்டு விதியேன்னு உக்காராதீங்க.

பெரிய ஆன்டெனா ரவுட்டர் கேட்டீங்கல்ல, உங்க ரோபோ வாய்ஸுக்கு பதில் அங்க தான் இருக்கு. ரவுட்டர் கத்துறது லேப்டாப்புக்கு கேக்குது, லேப்டாப் முணுமுணுக்குறது தான் ரவுட்டருக்கு எட்டல. அதான் அவங்க பேசுறது உங்களுக்கு வருது, நீங்க பேசுறது போகல. நல்ல ஆன்டெனா ரெண்டு பக்கமும் உதவும், ஆனா ரவுட்டர் பவர மட்டும் ஏத்துனா ஒரு பக்கம் தான் சத்தம் கூடும்.

அப்புறம் ஆமா, வயர் இழுங்க 😄. கேட் 5ஈ லேன் கேபிளே 100 மீட்டர் வரைக்கும் 1000 எம்பிபிஎஸ் தாங்கும், வீட்டுக்குள்ள அவ்வளவு தூரம் ஏது. பழைய ரவுட்டர் சும்மா கிடந்தா அதையே கடைசி ரூம்ல வைங்க, டிஹெச்சிபிய (ஒவ்வொரு போனுக்கும் லேப்டாப்புக்கும் ஐபி நம்பர் குடுக்குற வேலை) ஆஃப் பண்ணி, அந்த ரவுட்டரோட ஐபிய வேற நம்பருக்கு மாத்திட்டு, கேபிள வேன் போர்ட்ல (வெளிய இருந்து நெட் வர்ற ஓட்டை) சொருகாம லேன் போர்ட்ல சொருகணும். நான் முதல்தடவ டிஹெச்சிபிய மறந்துட்டேன், வீட்டுல பாதி பேருக்கு நெட் இருக்கு பாதி பேருக்கு இல்ல, ஒரு சாயங்காலம் பூரா எல்லார்கிட்டயும் திட்டு.

ராத்திரிஷிப்ட்:

ஒருத்தரும் சேனல் பத்தி பேசல. 2.4ல ஒண்ணோட ஒண்ணு இடிக்காம இருக்குறது 1, 6, 11 மட்டும் தான். சில பேரு 3 காலியா இருக்குன்னு அதுல போய் உக்காருவாங்க, அது 1ல இருக்குறவனையும் இடிக்கும் 6ல இருக்குறவனையும் இடிக்கும். அந்த அனலைசர் ஆப்லயே எதுல கூட்டம் கம்மின்னு தெரியும். பக்கத்துல நெறைய வீடு இருந்தா சேனல் அகலத்த 40 மெகாஹெர்ட்ஸ்லருந்து 20 ஆக்குங்க. 5 ஜிகாஹெர்ட்ஸ்ல சேனல் 52லருந்து 144 வரைக்கும் வச்சா ரேடார் இருக்கான்னு குறைஞ்சது ஒரு நிமிஷம் கேட்டுட்டு தான் ரவுட்டர் ஆரம்பிக்கும், நடுவுல ரேடார் மாதிரி ஏதாவது தட்டுச்சுன்னா சட்டுனு சேனல் மாறிடும், மீட்டிங் பாதியில. 36லயே வைங்க.

பாத்ரூம்ல பெரிய கண்ணாடி இருந்தா அதுவும் சுவர் மாதிரி தான், பின்னாடி மெல்லிசா உலோகப் பூச்சு இருக்கும். மைக்ரோவேவ் அடுப்பு ஓடுறதும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ்ல தான், சாப்பாடு சுட வைக்கிற நேரத்துல மட்டும் கால் கட் ஆச்சுன்னா யார சந்தேகப்படணும்னு தெரிஞ்சுக்கங்க.

மெஷ்பைத்தியம்:

சுவர தொளைக்க முடியாதவங்க என்ன பண்றது, வாடகை வீட்டுல ஆணி அடிக்கவே ஓனர்கிட்ட கேக்கணும்.

வயரேதுணை:

கதவு இடுக்குல போற தட்டை லேன் கேபிள் இருக்கு, ஓரமா ஒட்டிட்டா கண்ணுக்கே தெரியாது. அதுவும் முடியாதுன்னா கரண்ட் வயர் வழியாவே நெட் அனுப்புற அடாப்டர் ஜோடி, ஆனா அத ஸ்பைக் பஸ்டர்ல சொருகாம நேரா சுவர் பிளக்ல சொருகணும். வீட்டு ஒயரிங்க பொறுத்து எப்படி ஓடும்னு சொல்லவே முடியாது, திருப்பிக் குடுக்க முடியுற இடத்துல வாங்குங்க. மெஷ் வாங்குனாலும் டப்பாக்களுக்கு நடுவுல ஒரு வயர் போட்டா அது வேற லெவல்ல ஓடும், சண்டையே வேணாம்.

கடைசிரூம்வாசி:

அப்டேட். டிஸ்க்க கழட்டிட்டேன், ரவுட்டர ஸ்டாண்ட்ல இருந்து எடுத்து ஷெல்ஃப் மேல ஏத்திட்டேன், சேனல் 11. மேஜையில 84 இருந்தது 76 ஆச்சு. எக்ஸ்டெண்டர பாத்ரூம் வாசல் பிளக்குக்கு மாத்துனேன், போன்ல சிக்னல் ஒரு கோடு குறைஞ்சிடுச்சு, ஆனா ஸ்பீடு 31! இத்தன நாள் ஃபுல் சிக்னல பாத்து ஏமாந்திருக்கேன். இன்னைக்கு மீட்டிங்ல யாரும் ஒண்ணும் சொல்லல, நானே கேட்டேன் "வாய்ஸ் ஓகேவா"ன்னு.

தட்டை கேபிள் ஆர்டர் போட்டாச்சு, வந்ததும் நம்பர் சொல்றேன். பீரோவ தள்ளி வச்சா இன்னும் எவ்வளவு ஏறும்னு பாக்க ஆசை தான், ஆனா அதுக்கு ரெண்டு ஆள் வேணும், என் தம்பி இப்பவே முதுகு வலின்னு சொல்ல ஆரம்பிச்சுட்டான்.