அஞ்சாம் வகுப்புக்கு லண்டன் பெருந்தீ: எப்படி நடத்தலாம்?

மேலூர் டீச்சர்:
சனிக்கிழமை வரலாற்று மன்றத்துக்கு நாலு, அஞ்சாம் வகுப்புப் பிள்ளைகள் 24 பேர் வர்றாங்க. இந்த மாசம் பிரிட்டன் வரலாறு. ராஜா ராணி பேரை ஒப்பிக்க வைக்க மனசில்லை. 1666 லண்டன் தீயை மட்டும் எடுத்து ரெண்டு வகுப்பில் முடிக்கலாம்னு இருக்கேன். அட்டையில் தெரு செஞ்சு கொளுத்திக் காட்டலாமா? ஆண்டுக் கணக்கை எப்படிப் பதிய வைக்கிறது?

அட்டை வேலை:
கொளுத்தாதீங்க டீச்சர். நெருப்பு மட்டும்தான் நினைவில் நிக்கும், ஏன் பரவுச்சுங்கிறது நிக்காது. காரணம் தெருவின் அமைப்பிலேயே இருக்கு.

மெடிக்கலில் மாத்திரை அட்டைப்பெட்டி கேட்டு வாங்குங்க. மூணு பெட்டியை அடுக்கி, ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட 1 செ.மீ. தெருப்பக்கம் நீட்டுற மாதிரி ஒட்டணும். ரெண்டு வரிசை, தரையில் 6 செ.மீ. இடைவெளி. மேல் மாடியில் பிள்ளைகளையே அளக்கச் சொல்லுங்க, 2 செ.மீ.தான் இருக்கும். மரச்சட்ட வீடு, வறண்ட கோடை, கிழக்கேயிருந்து பலமான காத்துன்னு சொன்னா மிச்சத்தை அவங்களே சொல்லிடுவாங்க.

முன்பாரத்தில் வீடு குப்புற விழும், அதனால அடிப்பெட்டியில் ஒரு பிடி மணல் போடுங்க. பசை காய ஒரு ராத்திரி ஆகும். முதல் வகுப்பிலேயே ஒட்டிடணும். கூரைக்கு வைக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். லண்டன் நகருக்குள்ள அதுக்கு 1212லேயே தடை வந்தாச்சு.

பழைய வாத்தியார்:
கதையில் அழுத்தம் கொடுக்க வேண்டிய இடம் மேயரின் தயக்கம். செப்டம்பர் 2, ஞாயிறு விடியுமுன்னே புட்டிங் லேனில் தாமஸ் ஃபாரினர் பேக்கரியில் தீ பிடிச்சது. அப்போ தீயணைப்புப் படை கிடையாது. தோல் வாளி, கைப்பீச்சாங்குழல், வீட்டை இழுத்துச் சாய்க்க நீளக் கொக்கி, அவ்வளவுதான். நடுவில் சில வீடுகளை இடிச்சாத்தான் தீ நிக்கும். மேயர் பிளட்வொர்த் சொந்தக்காரர்களுக்கு நஷ்டஈடு யார் தர்றதுன்னு யோசிச்சுத் தயங்கினார். பிறகு வெடிமருந்து வச்சுத் தகர்த்தாங்க, காத்தும் தணிஞ்சது. அதுக்குள்ள 13,200 வீடு, 87 கோயில், செயின்ட் பால் பேராலயம் எல்லாம் போச்சு.

வகுப்பில் ஒரு வீட்டில் சிவப்புத் தாள் வச்சு, "எந்த வீட்டை எடுப்பீங்க?"ன்னு கேளுங்க. எல்லாரும் தீக்குப் பக்கத்து வீட்டைத்தான் எடுப்பாங்க. இடிச்ச மரத்தை அப்புறப்படுத்துறதுக்குள்ள தீ வந்து அதையே பிடிச்சுக்கும். நாலு வீடு தள்ளி இடிக்கணும். அங்கே இன்னும் தீயே வராத வீட்டுக்காரர் சம்மதிப்பாரா? இந்தக் கேள்வியில் பத்து நிமிஷம் நில்லுங்க. மத்ததை விட்டாலும் பரவாயில்லை.

காலக்கோடு:
சேலை ஃபால்ஸ் துணி ஒண்ணு வாங்குங்க, 2 மீட்டருக்கு மேல வரும். 5 ஆண்டுக்கு 1 செ.மீ., தொடக்கம் 1066. ஆண்டிலிருந்து 1066ஐக் கழிச்சு 5ஆல் வகுத்தா இடம் கிடைச்சிடும். கிழக்கிந்தியக் கம்பெனி (1600) 106.8, நம்ம திருமலை நாயக்கர் (1623–1659) 111.4 முதல் 118.6 வரை, லண்டன் தீ சரியா 120. நாயக்கர் காலமாகி ஏழே ஆண்டில் லண்டன் எரிஞ்சதைப் பிள்ளைகள் விரலாலேயே தொட்டுப் பார்க்கலாம்.

பள்ளி ஸ்கேலை நகர்த்தி நகர்த்தி அளக்கக் கூடாது. 0 கோட்டுக்கு முன்னாடி உள்ள வெத்திடம் ஒவ்வொரு தடவையும் சேர்ந்து கணக்கைப் பிசக வைக்கும். தையல் டேப் எடுங்க. 128.2இல் 1707னு குறிச்சு, அதுக்கு இடப்பக்கம் "இங்கிலாந்து"ன்னே எழுதுங்க. ஸ்காட்லாந்து சேர்ந்து கிரேட் பிரிட்டன் அரசு ஆனது அந்த ஆண்டுதான்.