நாஸில் 12 வோல்ட் எச்சரிக்கை: அடாப்டரா, போர்டா?

வணக்கம் நண்பர்களே. வீட்டில் 4 டிஸ்க் போட்ட நாஸ் (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி) ஓடுகிறது. கொஞ்ச நாளாக ராத்திரியில் "12 வோல்ட் குறைவு" என்று மெயில் வருகிறது. லாக்கில் 11.3 வரை இறங்கியிருக்கிறது. 5 சதவீதம் வரை ஏறி இறங்கலாம் என்ற கணக்குப்படி 11.4-க்குக் கீழே போகக்கூடாது. தூங்கிக்கிடக்கும் டிஸ்க்குகள் பேக்கப்புக்காக ஒன்றாகச் சுழல ஆரம்பிக்கும்போதுதான் இது. அந்தச் சில நொடி ஒவ்வொன்றும் 2 ஆம்பியர் வரை இழுக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் முன்பெல்லாம் இப்படி வந்ததில்லை.

மல்டிமீட்டரில் அடாப்டர் மட்டும் தனியாக 12.1 காட்டுகிறது. லோடு ஏறும்போது வயரை வெட்டாமல் அளக்க வழி உண்டா? யூபிஎஸ்ஸை விலக்கி நேரே சுவர் பிளக்கில் போட்டும் அதே கதை. அடாப்டர் 7 வருடப் பழசு, தொட்டால் சுடுகிறது. அதற்குள் இருக்கும் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் பாகம்) காய்ந்திருக்குமோ, இல்லை போர்டில் இருக்கும் சென்சாரே பொய் சொல்கிறதா? அதே வோல்ட்டில் ஆம்பியர் கூடுதலான அடாப்டர் போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்களேன். அதுவரை டிஸ்க்குகளைத் தூங்கவிடாமல் ஓடவிட்டிருக்கிறேன்.